மேகம் வரைந்த கேப்டன்

(மூன்றாம் ஆண்டு, அமைப்பியல் பிரிவு)



நம் ஹாஸ்டலில் ஒரு குரூப் போட்டோ எடுத்து முடித்த ஐந்தாவது நிமிஷத்தில் வானம் மாறிவிடும். சித்திரை மாசத்துக் கரிசல் காட்டு வானம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். வெளுத்த வேட்டி மாதிரி கிடக்கும். ஒருத்தன் போனை வாங்கி இரண்டு தட்டு தட்டி, கொடைக்கானல் மேகத்தை இழுத்து வந்து மேலே ஒட்டிவிடுவான். உடனே இரண்டு கட்சி கிளம்பும். வெயிலைப் பார்த்து, நேரத்தைப் பார்த்து, கேமராவுக்குப் பின்னால் நின்று எடுக்கிறவன்தான் போட்டோகிராபர், ஒட்டு வேலை செய்கிறவன் எல்லாம் அதில் சேர்த்தி இல்லை என்று ஒரு கட்சி. எப்படியாவது எடுத்துப் போடு மாப்ளே, பிறகு எடிட்டிங்ல பாத்துக்கலாம் என்று இன்னொரு கட்சி. லீவு நாளில் கல்யாண ஆர்டருக்குப் போய்ப் பரீட்சைக் கட்டணத்தைச் சமாளிக்கிற நம்ம பசங்களுக்கு இது வெறும் வாய்ச்சண்டை இல்லை. மண்டபத்தில் கால் கடுக்க நின்று எடுக்கிறவனுக்கு எவ்வளவு, ஏ.சி. ரூமில் உட்கார்ந்து திருத்துகிறவனுக்கு எவ்வளவு என்ற கூலிக் கணக்கும் இதற்குள் இருக்கிறது.

இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப் போகிறார்கள். இந்தத் திருத்தும் வேலை கம்ப்யூட்டரோடு பிறந்தது, 1990-ல் போட்டோஷாப் வந்த பிறகு வந்த வியாதி என்று இருவருமே நம்புகிறார்கள். அதான் இல்லை. நெகட்டிவ்வில் கூர்மையான பென்சில் வைத்து அம்மைத் தழும்பை மறைப்பதும், கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் வர்ணம் தீட்டுவதும் நம் தாத்தா காலத்து ஸ்டூடியோக்களில் தினசரி வேலை. காலண்டர் சாமிப் படங்களால் நாடு முழுக்கப் பேர் வாங்கிய ஓவியர் கொண்டையராஜு (மறைவு 1976) வாழ்ந்த ஊர் கோவில்பட்டி. தூரிகை என்றால் என்ன என்று இந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆனால் நான் சொல்லப் போகும் ஆள் அதற்கும் முன்னால், 1858-ல், நமக்கு நூறு கிலோமீட்டர் வடக்கே இருக்கும் மதுரையில் நின்று படம் எடுத்தவர். படத்தையும் அற்புதமாக எடுத்தார், மேகத்தையும் அவரே வரைந்தார்!

அவர் பெயர் லின்னேயஸ் ட்ரைப். தாவரங்களுக்கெல்லாம் பெயர் வைத்த சுவீடன் நாட்டு அறிஞரின் பெயரைத் தாங்கிய இவர், 1822-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் தேதி இங்கிலாந்தின் தென்மேற்கு ஓரத்தில், இப்போது டெவன்போர்ட் என்று சொல்லப்படும் துறைமுக ஊரில் பிறந்தார். பன்னிரண்டு பிள்ளைகளில் ஒன்பதாவது. அத்தனை பேர் உள்ள வீட்டில் ஒன்பதாவது பிள்ளைக்கு என்ன சொத்து மிஞ்சும்? இருபது வயது நிறைவதற்குள் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் பட்டாளத்தில் சேர்ந்து கப்பலேறிவிட்டார். அடுத்த பத்து வருஷம் தென்னிந்தியாவில் சாதாரண பட்டாள உத்தியோகம்தான். சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை.

1850-ல் லீவில் ஊருக்குப் போனார். உடம்பு சரியில்லாமல் லீவு நீண்டு 1854 வரை போனது. அந்த லீவுதான் அவர் தலையெழுத்தை மாற்றியது. போட்டோ என்ற சமாச்சாரம் உலகத்துக்கு அறிவிக்கப்பட்டு (1839) அப்போது பத்துப் பன்னிரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. நமக்கெல்லாம் ஒரு காலத்தில் கம்ப்யூட்டர் எப்படியோ, அன்றைக்குப் படித்த வாலிபர்களுக்கு இது அப்படி. ட்ரைப் தன் ஊர்த் துறைமுகத்தில் கப்பல்களை எடுத்துப் பழகினார். 1853-ல் லண்டன் போட்டோகிராபி சங்கத்தில் உறுப்பினரானார். அடுத்த வருஷம் கேப்டனாகப் பெங்களூருக்குத் திரும்பியபோது பெட்டியில் கேமராவும் வந்தது. அந்த டிசம்பரிலேயே ஹளேபீடு, பேலூர் கோயில்களைப் படமெடுத்து, 1855-ல் சென்னையில் நடந்த கண்காட்சியில் 68 படங்களை வைத்தார். தாளில் எடுத்த படங்களில் இவருடையதே சிறந்த வரிசை என்று தீர்ப்பாளர்கள் அறிவித்தார்கள்.

இங்கே கொஞ்சம் நின்று, தாளில் எடுப்பது என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். மேகத்தின் கதை அங்கேதான் ஆரம்பம்.

அன்றைக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று கண்ணாடித் தகடு. மருந்தைத் தடவி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, உடனே கழுவிவிட வேண்டும். எல்லாம் பத்துப் பதினைந்து நிமிஷத்துக்குள். போகிற இடத்துக்கெல்லாம் இருட்டுக் கூடாரம் தூக்க வேண்டும், நம்ம ஊர் வெயிலில் மருந்து சீக்கிரமே உலர்ந்துவிடும். மற்றது மெழுகுத் தாள். நல்ல தாளில் தேன்மெழுகை உருக்கி ஏற்றி, அயோடைடு கரைசலில் ஊறவைத்துக் காயவைத்து, பிறகு சில்வர் நைட்ரேட்டில் தோய்த்துத் தயார் செய்வார்கள். முன்னாடியே தயார் பண்ணி எடுத்துப் போகலாம், எடுத்த படத்தைச் சாவகாசமாகக் கழுவலாம். கழுவுவதற்குக் காலிக் அமிலம். கைக்குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கிற மாசிக்காய் இருக்கிறதே, அதிலிருந்து எடுக்கிற அமிலம்தான் இது. நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் இன்றும் மாசிக்காய் கிடைக்கும். வண்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவருக்கு மெழுகுத் தாள்தான் தோது என்பதால் ட்ரைப் பெரும்பாலும் அதையே பிடித்துக்கொண்டார்.

ஆனால் அதில் மூன்று தொல்லை. முதலாவது, படம் பதிய நிமிஷக் கணக்கில் ஆகும். நடந்து போகிறவர்கள் பதியவே மாட்டார்கள். அவருடைய கோயில் படங்கள் ஆளரவமில்லாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். (இன்றைக்குப் பின்னால் நிற்கிற கூட்டத்தை விரலால் தேய்த்து அழிக்கிறோம். அவருக்கு அந்த வேலையை நேரமே செய்து கொடுத்தது!) இரண்டாவது, காற்றில் ஆடும் மரம் இலை இலையாக விழாமல் ஒரே கறுப்புத் திட்டாக விழும். போதாக்குறைக்கு அந்த மருந்துக்குப் பச்சை நிறம் சரியாகத் தெரியாது. மூன்றாவது தொல்லைதான் பெரிசு. அந்த மருந்து நீல வெளிச்சத்தை மட்டும் ஆவலாக விழுங்கும். கல் கோபுரத்துக்குப் போதுமான நேரம் கொடுத்தால் அதற்குள் வானம் அளவுக்கு மீறிப் பதிந்து, அச்சில் வெறும் வெள்ளையாகிவிடும். வெறும் வெள்ளை என்றால் கூடப் பரவாயில்லை, தாளின் நாரும் மருந்துக் கறையும் திட்டுத் திட்டாகத் தெரியும். மேகமாவது ஒன்றாவது!

இதற்கு என்ன செய்வது? மற்றவர்கள் நெகட்டிவ்வின் வானத்துக்குக் கறுப்பு மை பூசி, சுத்தமான வெள்ளை வானமாக்கித் தப்பித்துக்கொண்டார்கள். பிரான்சில் லெ கிரே என்பவர் கடலை ஒரு நெகட்டிவ்விலும் வானத்தை இன்னொன்றிலும் எடுத்து இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டார். 1857-ல் ரெய்லாண்டர் என்பவர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படமாக்கி இங்கிலாந்தையே இரண்டு கட்சியாக்கினார். நம் ஹாஸ்டல் சண்டை அப்போதே நடந்து முடிந்துவிட்டது நண்பர்களே!

ட்ரைப் தூரிகையை எடுத்தார். அவருடைய நெகட்டிவ் ஏறக்குறைய 12-க்கு 15 அங்குலம். பெரிதாக்கும் வசதி இல்லாததால் அச்சு எவ்வளவோ நெகட்டிவ்வும் அவ்வளவு. ஆகவே கை வைக்க இடம் இருந்தது. தாளின் பின்பக்கம் திருப்பி, வானத்தில் மேகத்தைத் தீட்டினார். மரத்துக் கறுப்புத் திட்டில் புள்ளி புள்ளியாக மை வைத்து இலைகளுக்கு வெளிச்சம் கொடுத்தார். இதிலுள்ள சாமர்த்தியத்தைக் கவனியுங்கள். அச்சில் வெள்ளையாக வர வேண்டியதை நெகட்டிவ்வில் கறுப்பாகத் தீட்ட வேண்டும், இருட்டாக வர வேண்டியதை விட்டுவிட வேண்டும். மேகத்தைத் தலைகீழாக மனசில் பார்த்தால்தான் கை ஓடும். பொறுமை போய்க் கொஞ்சம் மை சிந்தினால் கதை முடிந்தது. பழையபடி திரும்ப நம்ம கண்ட்ரோல்-இசட் அங்கே இல்லை.

கதைக்கு வருவோம். 1855 ஆகஸ்டில் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி பர்மாவுக்கு ஒரு தூதுக்குழுவை அனுப்பினார். அதில் ட்ரைப் அரசாங்கப் போட்டோகிராபர். கோல்ஸ்வொர்தி கிராண்ட் என்ற ஓவியரும் கூடவே போனார். பெய்கிற மழையில், மூடிய வானத்தில், படகு கிளம்புகிற அவசரத்தில் மூன்று மாதத்தில் சுமார் 220 படம் எடுத்தார் ட்ரைப். பெங்களூர் திரும்பி, அதில் 120-ஐத் தேர்ந்தெடுத்து 50 தொகுதிகள் தயாரித்தார். கணக்குப் போடுங்கள், 6000 அச்சு. ஒவ்வொன்றும் சட்டத்தில் மாட்டி வெயிலில் காயவைத்து எடுக்க வேண்டியது. இந்தத் தொகுதியோடு அவர் ஒரு குறிப்பும் வைத்தார். வானிலை மோசம், நேரம் இல்லை, சில படங்கள் தரத்தில் குறைந்தவை, ஆனாலும் எடுத்த பொருளின் அருமை கருதி விட மனசில்லாமல் சேர்த்திருக்கிறேன் என்ற கருத்தில் அது போகிறது. எனக்கு இந்த மனுஷனைப் பிடித்துப் போனது இந்த இடத்தில்தான். மேகத்தைக் கையால் போடுகிறவர், குறையையும் கையெழுத்துப் போட்டுச் சொல்கிறார். இன்றைக்கு ஒரு ஆல்பத்தில் இப்படி ஒரு சீட்டைப் பார்க்க முடியுமா?

1856-ல் சென்னை மாகாண அரசு அவரைத் தன் போட்டோகிராபராக நியமித்தது. பழைய கட்டடங்கள் இடிந்து விழுவதற்குள் அவற்றைப் பதிவு செய்து வைக்க வேண்டும் என்பது முக்கிய நோக்கம். 1857 டிசம்பரில், வடக்கே சிப்பாய்க் கிளர்ச்சியின் நெருப்பு இன்னும் அணையாத நேரத்தில், பெங்களூரிலிருந்து மாட்டு வண்டிகளில் மருந்துப் பெட்டியும் கேமராவும் ஏற்றிக்கொண்டு தமிழ்நாட்டுக்குள் இறங்கினார். ராயக்கோட்டை, திருச்சி, ஸ்ரீரங்கம் வழியாக மதுரை.

மதுரையில் அவர் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் இருந்தார். என்னவெல்லாம் எடுத்தார் தெரியுமா? மீனாட்சி கோயில், புது மண்டபம், தெப்பக்குளம், கோயில் நகைகள், ஆனைமலை, வைகை ஆற்றைக் கடக்கும் பாதை, அப்போது பாழடைந்து கிடந்த திருமலை நாயக்கர் மகால். மகாலின் கூரை மேல் ஏறிக்கூட எடுத்திருக்கிறார். தீபாவளிக்குத் துணி எடுக்கப் போய் நாம் முட்டி மோதுகிற விளக்குத்தூண் இருக்கிறதே, கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக வைத்தது, அதையும் எடுத்தார். மதுரைக்கு மட்டும் நான்கு பாகம் வெளிவந்தது. நம்ம பக்கம் அவர் வண்டி திரும்பவில்லை. கழுகுமலை வெட்டுவான் கோயிலை அந்தக் கையால் எடுத்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு ஒரு ஏக்கம் உண்டு. என்ன செய்ய, அவர் மதுரையிலிருந்து புதுக்கோட்டைக்குப் போய்விட்டார்.

அந்தப் படங்களை அமைப்பியல் மாணவனின் கண்ணோடு பாருங்கள். சுவர் தூக்குக்குண்டு போட்ட மாதிரி நிற்கும். கேமராவை அண்ணாந்து வைத்தால் கோபுரம் பின்னால் சாயும் என்பது போனில் எடுத்துப் பார்த்த எல்லாருக்கும் தெரியும். அதனால் எவ்வளவு தூரத்தில், எவ்வளவு உயரத்தில் நிற்பது என்பதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். தூணின் வேலைப்பாடு தெரிய வெயில் எந்தப் பக்கத்திலிருந்து விழ வேண்டும், அது எத்தனை மணிக்கு விழும், அதுவும் முன்னாலேயே தெரிய வேண்டும். ஒரு தாள் வீணானால் தயாரிப்பு வேலை எல்லாம் வீண். பத்து எடுத்து ஒன்று தேறட்டும் என்ற பேச்சுக்கே இடமில்லை. பட்டாளத்துக்காரர் அல்லவா, சர்வே எடுக்கிற மாதிரிதான் படம் எடுத்தார்.

இதன் உச்சம் தஞ்சாவூர். பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் சுற்றிலும் கல்வெட்டு வெட்டியிருக்கிறது அல்லவா? அதை ஒரே நீளப் படமாக எடுக்க நினைத்தார் ட்ரைப். ஒரு கேமராவுக்குள் அடங்கவே அடங்காது. சுவரிலிருந்து அதே தூரம், அதே உயரம், கேமராவைக் கொஞ்சம் நகர்த்துவது, எடுப்பது, மறுபடி நகர்த்துவது. இப்படி எடுத்த 21 அச்சுகளை ஒட்டியபோது ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரு சுருள் வந்தது. போனைப் பிடித்துக்கொண்டு கையைச் சுழற்றி நாம் எடுக்கிற பனோரமாவை அவர் 1858-லேயே எடுத்துவிட்டார், அதுவும் சுழலாமல், சுவரோடு நடந்து. ஒரு இடத்தில் கேமரா ஒரு முழம் விலகினாலும் அந்தத் துண்டில் எழுத்து சிறுத்துவிடும், அடுத்ததோடு பொருந்தாது. இதை எந்தத் தூரிகையும் சரி பண்ணாது. ராஜராஜன் கல்வெட்டில் தெரியாத எழுத்துக்கு மை வைத்து எழுதினால் அப்புறம் அது கல்வெட்டா? அந்தக் கல்வெட்டுகளை உல்ட்ஷ் என்ற ஜெர்மன் அறிஞர் படித்து 1891 முதல் நூலாக வெளியிடத் தொடங்கினார். அதற்கு முப்பது வருஷத்துக்கு முன்னாலேயே அவை தாளில் ஏறிவிட்டன.

இங்கேதான் இரண்டு கட்சிக்கும் நான் ஒரு வார்த்தை சொல்ல ஆசைப்படுகிறேன். ட்ரைப் எங்கே கை வைத்தார் என்று பாருங்கள். பெரும்பாலும் வானத்திலும் மரத்திலும்தான். அதாவது மருந்துக்குப் பார்க்கத் தெரியாத இடத்தில். எதைக் காட்டுவதற்காக அரசாங்கம் அவரை அனுப்பியதோ, அந்தக் கல்லைக் காட்ட அவர் நம்பியது கேமராவை. அவர் மேகம் நிஜ மேகம் இல்லை என்று கேட்டால், ஆமாம், இல்லைதான். அன்று அந்த இடத்தில் அந்த மேகம் இருந்தது என்று யாரும் சத்தியம் பண்ண முடியாது. அதை நான் மூடி மறைக்கவில்லை. ஆனால் விமானத்தின் அடித்தளத்தில் ஒரு கல் எங்கே விரிந்திருக்கிறது என்று இன்றைக்கு ஒருவர் தெரிந்துகொள்ள வேண்டுமானால் ட்ரைப் படத்தை நம்பி எடுக்கலாம். மேகத்தை நம்ப வேண்டிய அவசியம் யாருக்கும் வராது. கல்யாண வீட்டில் மணப்பெண்ணின் பின்னால் வானத்தை மாற்றுகிற தம்பி, அதே கையோடு அவள் நிறத்தையும் இரண்டு படி வெளுக்க வைக்கிறானே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. கரிசல் காட்டுப் பிள்ளையின் நிறம் மருந்துக் கோளாறா என்ன, திருத்துவதற்கு?

இன்னொன்றும் உண்டு. எங்கே மை வைக்க வேண்டியிருக்கும் என்பது ட்ரைப்புக்கு எடுக்கும்போதே தெரியும். வானம் எப்படியும் போகும், ஆகவே கல்லுக்கு வேண்டிய நேரத்தைக் கல்லுக்குக் கொடு என்று துணிந்து எடுத்தார். கல்லையும் கோட்டைவிட்டு வானத்தையும் கோட்டைவிட்டுப் பிறகு மை வைத்திருந்தால் மேகத்துக்குக் கீழே ஒன்றுமே மிஞ்சியிருக்காது. எடிட்டிங்ல பாத்துக்கலாம் என்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். போட்டோஷாப்பில் டாட்ஜ், பர்ன் என்று இரண்டு கருவி இருக்கிறதே, அந்தப் பெயர்கள் இருட்டறையில் அச்சுப் போட்டவர்களின் தொழில் வார்த்தைகள். கம்ப்யூட்டர் அவற்றை இரவல் வாங்கிக்கொண்டது.

சுற்றுப்பயணம் முடிந்து ட்ரைப் சென்னை வந்தார். அங்கே வைத்திருந்த அமராவதிச் சிற்பங்களைப் படமெடுத்தார். அந்தச் சிற்பங்கள் 1859-ல் லண்டனுக்குக் கப்பலேறின. தொகுதிகள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. சென்னைத் தொழிற்கலைப் பள்ளியில் படித்த நம்ம ஊர் மாணவர் ஒருவரும் அவரிடம் தொழில் கற்றார். எல்லாம் நன்றாகப் போகிறது என்று நினைக்கும்போது அடி விழுந்தது.

1859-ல் சர் சார்லஸ் ட்ரெவிலியன் சென்னைக்குக் கவர்னராக வந்தார். கிளர்ச்சியை அடக்கிய செலவில் கஜானா காலி. புது கவர்னர் கணக்கைப் பார்த்தார். ஒரு கேப்டன், அவருக்கு உதவியாளர்கள், வெள்ளி உப்பு, தாள், வண்டி, வாடகை. இந்த நிதி நிலைமையில் இதெல்லாம் பெரிய ஆடம்பரம் என்று முடிவு கட்டி, வேலையை நிறுத்த உத்தரவு போட்டார். 1860-ல் கடை மூடப்பட்டது. (அந்த ட்ரெவிலியனையே அதே 1860-ல், வரி விஷயத்தில் மேலிடத்தோடு பகிரங்கமாக மோதினார் என்று லண்டன் திருப்பி அழைத்துக்கொண்டது. அது வேறு கதை.) கவர்னர் சொன்ன காரணத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது, வறுமையான மாகாணம்தான். ஆனாலும் முழுதாக இரண்டு வருஷம்கூட ஓடாத ஒரு சுற்றுப் பயணத்தில் கிடைத்தது இவ்வளவு என்றால், இன்னும் பத்து வருஷம் விட்டிருந்தால் நம் நெல்லைச் சீமையும் அதில் வந்திருக்குமே என்றுதான் தோன்றுகிறது.

ட்ரைப் சண்டை போட்டதாகத் தெரியவில்லை. பட்டாளத்துக்குத் திரும்பினார். முப்பத்தெட்டு வயசு. கையில் அந்தத் தேர்ச்சி இருந்தும், பிறகு பர்மாவில் இருந்தபோது எடுத்த சில படங்களைத் தவிர, கேமராவை ஏறக்குறைய மறந்தே போனார். 1870-களில் ஊர் திரும்பி, மேஜர் ஜெனரல் என்ற கௌரவத்தோடு ஓய்வு பெற்று, பிறந்த டெவன்போர்ட்டிலேயே 1902 மார்ச் 2-ஆம் தேதி காலமானார். அப்போதெல்லாம் சுருள் பிலிம் போட்ட சின்னப் பெட்டிக் கேமராக்கள் கடையில் விற்க ஆரம்பித்துவிட்டன. மெழுகுத் தாளும் மாசிக்காய் அமிலமும் யாருக்கும் ஞாபகம் இல்லை.

நூறு வருஷத்துக்கு மேல் கழித்து, 2014, 2015 ஆண்டுகளில் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் என்று மூன்று பெரிய அருங்காட்சியகங்களில் அவர் படங்களுக்குத் தனிக் கண்காட்சி வைத்தார்கள். அவருடைய மெழுகுத் தாள் நெகட்டிவ்கள் பல லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மதுரையின் கல் எல்லாம் தலைகீழ் நிறத்தில் தெரியும். பின்பக்கம் திருப்பினால், கேப்டன் கையால் வைத்த மேகத்து மை இன்னும் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது.